ஏரிக்குக் கீழே 1,100 வீடுகள்: சுற்றுச்சூழல் அறிக்கையில் எதைத் தேடிப் படிக்க வேண்டும்?

கேள்வி: கரையோரவாசி

வணக்கம். சென்னையின் தெற்குப் புறநகரில், ஓர் ஏரிக்குக் கீழ்ப்புறம் அமைந்த குடியிருப்பின் நலச்சங்கச் செயலாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எங்கள் தெரு முடியும் இடத்தில், இருபது ஆண்டுகளாகச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த 12 ஏக்கர் நிலத்தில் 1,100 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்பப் போகிறார்கள். அடித்தளங்களையும் சேர்த்து மொத்தக் கட்டடப் பரப்பு 1,62,000 சதுர மீட்டர். சுற்றுச்சூழல் அனுமதி கோரும் விண்ணப்பம் பரிவேஷ் இணையதளத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது. அதனுடன் இணைக்கப்பட்ட தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பதிவிறக்கிப் பார்த்தால் நானூற்றுச் சொச்சம் பக்கங்கள், அத்தனையும் ஆங்கிலத்தில்.

சங்கத்தில் ஐந்து பேர் அத்தியாயங்களைப் பங்கிட்டுக்கொண்டு படித்தோம். காற்றின் தரம், இரைச்சல், மண் பரிசோதனை என்று அட்டவணைகள் வரிசையாக வருகின்றன. எல்லாவற்றின் கீழும் 'வரையறுக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது' என்றே எழுதியிருக்கிறது. பறவைப் பட்டியலில் காகம், மைனா, மாடப்புறா ஆகிய மூன்றுதான் உள்ளன. ஆண்டுதோறும் தை மாதத்தில் எங்கள் ஏரியில் கூழைக்கடாக்கள் இறங்குவதை மொட்டைமாடியில் நின்று பார்ப்பவர்கள் நாங்கள். அதைக்கூட விட்டுவிடலாம். ஓரிடத்தில் 'திட்ட நிலத்தின் வழியாக நீரோடை எதுவும் செல்லவில்லை' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். 2015 டிசம்பரில் ஏரியின் உபரிநீர் அந்த நிலத்தின் வழியாகத்தான் இடுப்பளவுக்கு வந்து எங்கள் தெருவைக் கடந்து கிழக்கே போயிற்று. வேறொரு பக்கத்தில், ஒரு அட்டவணையின் அடிக்குறிப்பாக, தளமட்டம் இப்போதுள்ள நிலத்திலிருந்து 1.2 மீட்டர் உயர்த்தப்படும் என்ற தகவல் இருக்கிறது.

இத்திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்குமா என்று கேட்டதற்கு ஓர் அலுவலகத்தில் 'நடக்கும்' என்றும் இன்னொன்றில் 'தேவையில்லை' என்றும் சொன்னார்கள். எது சரி? இவ்வளவு பெரிய அறிக்கையில் எங்களைப் போன்ற சாதாரண மக்கள் எந்தப் பகுதிகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும்? எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் அனுப்பினால் அதற்கு ஏதேனும் மதிப்பு உண்டா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: நீர்க்கணக்கு

ஐயா, இத்தகைய அறிக்கைகளைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்களில் பதினாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். நான் சொல்வதில் சிறிது குற்ற உணர்வும் கலந்திருக்கலாம்.

முதலில் கருத்துக் கேட்பு. 2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் கட்டடங்களும் நகரியங்களும் எட்டாவது இனமாக வருகின்றன. 20,000 சதுர மீட்டர் முதல் 1,50,000 சதுர மீட்டருக்குக் கீழ் வரை உள்ளவை 8(அ). அதற்கு மேற்பட்ட பரப்போ 50 ஹெக்டேருக்குக் குறையாத நிலமோ கொண்டவை 8(ஆ). முந்தைய வகைக்குப் படிவங்களும் கருத்துரு வரைபடமும் போதும். உங்கள் திட்டம் பிந்தைய வகை என்பதால்தான் முழு அறிக்கை எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து எட்டாவது இனம் முழுவதற்கும் அந்த அறிவிக்கையே விலக்கு அளித்துவிட்டது. ஆகவே 'தேவையில்லை' என்று சொன்ன அலுவலகம் சொன்னதே சரி. தமிழில் சுருக்க அறிக்கை கிடைக்காததற்கும் இதுவே காரணம். உள்ளூர் மொழிச் சுருக்கம் கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஒட்டியே கட்டாயமாகிறது. ஒரு சுரங்கத்துக்கு ஊரைக் கூட்டிக் கேட்பவர்கள், ஐயாயிரம் பேர் புதிதாகக் குடியேறும் நகரியத்துக்கு அக்கம்பக்கத்தாரை ஒரு வார்த்தை கேட்க வேண்டாம் என்று வைத்திருப்பதை நான் ஒருபோதும் நியாயமென்று கருதியதில்லை.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது, அடிப்படைத் தரவுகள் எந்த மாதங்களில் எடுக்கப்பட்டன என்பது. மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவம், அதாவது மூன்று மாதங்கள் அளந்தால் போதும் என்பதே நடைமுறை. இதைச் சூழ்ச்சி என்று எண்ண வேண்டாம். மழை பெய்தால் தூசு அடங்கிக் காற்று சுத்தமாகத் தெரியும் என்பதால், காற்றின் மோசமான நிலையைப் பதிவு செய்வதற்காக மழைக்காலத்தைத் தவிர்த்தார்கள். ஆனால் தண்ணீருக்கு இது தலைகீழ். சென்னையில் ஆண்டு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அறிக்கையோ பெரும்பாலும் மார்ச் முதல் மே வரை எடுத்த அளவுகளைக் கொண்டு எழுதப்படுகிறது. உங்கள் அறிக்கையிலும் கிணற்று நீர்மட்டம் மே மாதத்தில் நான்கு மீட்டரோ ஐந்து மீட்டரோ ஆழத்தில் இருந்ததாகப் போட்டிருப்பார்கள். அதை நம்பித்தான் மழைநீர் உறிஞ்சு குழிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுகிறார்கள். ஏரிக்குக் கீழ்ப்பக்கத்தில், ஐப்பசி கடைசியில் கிணற்றுக்குள் கை நீட்டினால் தண்ணீர் தட்டும் களிமண் நிலத்தில், அந்தக் குழிகள் எதை உறிஞ்சும்? அவை முன்பே நிரம்பியிருக்கும்.

அடுத்தது நீர்ச்சமநிலைக் கணக்கு. அது ஒரு கட்டம்போட்ட படமாக இருக்கும்; ஒரு தாளும் பேனாவும் இருந்தால் நீங்களே சரிபார்க்கலாம். வீட்டுக்கு ஐந்து பேர் என்று 5,500 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், அதில் 90 நன்னீர், 45 கழிப்பறைக்கான மறுசுழற்சி நீர் என்பது வழக்கமான பகுப்பு. நன்னீர்த் தேவை 4,95,000 லிட்டர். குடிநீர் வாரியத்தின் இணைப்பு வரும் வரை லாரியில்தான் வரும் என்றால், 12,000 லிட்டர் லாரிகள் நாள்தோறும் நாற்பதுக்கு மேல் உங்கள் தெருவில் போய்வர வேண்டும். அந்த நாற்பது லாரிகள் போக்குவரத்து அத்தியாயத்தில் எண்ணப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். நான் பார்த்த அறிக்கைகளில் பெரும்பாலும் கார்களும் இருசக்கர வண்டிகளும் மட்டுமே எண்ணப்பட்டிருந்தன.

கழிவுநீர்ப் பக்கம்தான் இதைவிட முக்கியம். நன்னீரில் எண்பது விழுக்காடும் கழிப்பறை நீர் முழுவதும் கழிவாக வரும் என்று கொண்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6,43,000 லிட்டர். சுத்திகரித்த பின் 6 லட்சம் மிஞ்சும். அதில் கழிப்பறைக்கு 2,47,500 திரும்பிப் போகும். தோட்டத்துக்குத் தாராளமாக 25,000 போகட்டும். மீதி மூன்றேகால் லட்சம் லிட்டர் ஒவ்வொரு நாளும் வளாகத்தை விட்டு வெளியேறியாக வேண்டும். பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் அது எங்கே போகிறது என்பதற்கு அறிக்கையில் என்ன விடை இருக்கிறது என்று தேடுங்கள். கணக்கை நேராக்குவதற்காகத் தோட்டத்தின் தேவையை ஊதிப் பெருக்கிக் காட்டுவது எங்கள் தொழிலில் பழகிப்போன உபாயம். நானும் ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறேன். தோட்டத்தின் பரப்பால் வகுத்துப் பார்த்தபோது, ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நெல்வயலைவிட அதிகத் தண்ணீர் காட்டியிருந்தது. அறிக்கையைப் பரிசீலித்த நிபுணர் குழுவில் ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாவது, நீங்கள் அடிக்குறிப்பில் கண்ட அந்த 1.2 மீட்டர். என் கருத்தில் நானூறு பக்கங்களிலும் முக்கியமான வரி அதுதான். வெள்ளம் தேங்கும் வாய்ப்பைப் பார்த்து நீர்வளத்துறை தரும் தடையின்மைச் சான்றில், நிலத்தை எந்த மட்டத்துக்கு உயர்த்த வேண்டும் என்று குறிப்பிடுவார்கள். அந்த வளாகத்துக்குள் தண்ணீர் புகாமல் இருக்க அது தேவைதான். ஆனால் 12 ஏக்கர், அதாவது ஏறத்தாழ 48,500 சதுர மீட்டர் நிலத்தை 1.2 மீட்டர் உயர்த்தினால் 58,000 கனமீட்டர் தண்ணீர் நின்றுகொண்டிருந்த இடம் இல்லாமல் போகிறது. அந்தத் தண்ணீர் வேறு எங்கே நிற்கும் என்ற கேள்விக்கு அறிக்கையில் இடமே கிடையாது, ஏனென்றால் மதிப்பீடு பெரும்பாலும் சுற்றுச்சுவரோடு முடிந்துவிடுகிறது. ஆய்வுப் பகுதி என்று 10 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டிருப்பார்கள். காற்றுக்கு அது ஓரளவு பொருந்தும், சரிவைப் பார்த்து ஒரே பக்கம் ஓடும் தண்ணீருக்குப் பொருந்தாது.

மழை வடிகாலையும் நீங்களே கணக்கிடலாம். கூரையும் தார்ச்சாலையும் மூடிய நிலத்தில் பெய்யும் மழையில் முக்கால் பங்கு உடனே ஓடிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 5 சென்டிமீட்டர் மழை கொட்டினால், அந்த 12 ஏக்கரிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 500 லிட்டர் வெளியே வரும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று; அன்றைய மழையில் இந்த ஒரு நிலத்தின் மேல் மட்டும் இரண்டேகால் கோடி லிட்டருக்கு மேல் விழுந்திருக்கும். வளாகத்தின் வடிகால் எந்தப் பொதுக் கால்வாயில் சேருகிறது, அந்தக் கால்வாய் நொடிக்கு எவ்வளவு கொள்ளும் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

காற்று, இரைச்சல் அட்டவணைகளில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஒரு குடியிருப்பால் அவற்றில் வரும் மாற்றம், கட்டுமானக் காலத்துத் தூசையும் ஜெனரேட்டரையும் தவிர, பெரிதாக இருக்காது.

பதில்: புலஎண்

'நீரோடை எதுவும் செல்லவில்லை' என்ற வரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மேலே எழுதிய ஐயா அதைத் தொடவில்லை.

ஆலோசனை நிறுவனத்தார் பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தையும் இப்போதைய பட்டாவையும் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஏரிகள் தனித்தனியாக இருப்பதில்லை; மேல் ஏரி நிரம்பி அதன் கலங்கல் (உபரிநீர் வெளியேறும் அமைப்பு) வழிந்தால் கீழ் ஏரிக்கு நீர் வரும், அது நிரம்பினால் அடுத்ததற்குப் போகும். தென்சென்னைப் பக்கத்துச் சங்கிலிகள் பலவும் பள்ளிக்கரணைச் சதுப்பில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகின்றன. இரண்டு ஏரிகளுக்கு நடுவில் உள்ள போக்குக்கால்வாய் கோடையில் வெறும் பள்ளம்போலத்தான் தெரியும். கருவேலம் மூடிவிட்டால் அதுவும் தெரியாது.

தமிழக அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் அந்தச் சர்வே எண்களுக்கான புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகைப்பாட்டைக் காட்டும் கிராமப் பதிவேடு) எடுங்கள். புலப்படத்தில் இரட்டைக் கோடாக ஏதேனும் குறுக்கே போகிறதா, பக்கத்துப் புலஎண் எதுவும் 'வாய்க்கால்', 'ஓடை', 'ஏரி உள்வாய்' என்று புறம்போக்காகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதோடு நிற்க வேண்டாம். 1980களில் நடந்த யூ.டி.ஆர். என்ற நிலப்பதிவுப் புதுப்பிப்புப் பணியின்போது வகைப்பாடு மாறிய நிலங்கள் ஏராளம். அதற்கு முந்தைய பதிவேட்டையும் பழைய கிராம வரைபடத்தையும் உரிய கட்டணம் செலுத்திக் கேட்டுப் பெறுங்கள். எங்கள் ஊரில் இப்போதைய பதிவில் 'புன்செய்' என்றிருந்த ஒரு துண்டு, பழைய வரைபடத்தில் இருபது அடி அகலக் கால்வாயாக இருந்தது. அந்தத் தாளை இணைத்து அனுப்பிய பிறகே மதிப்பீட்டுக் குழு இடத்தைப் பார்க்க உறுப்பினர்களை அனுப்பியது. நினைவிலிருந்து சொல்லும் வெள்ளத்தைக் கேட்டுக்கொள்வார்கள்; வரைபடத்தில் உள்ள கோட்டுக்கு விளக்கம் கேட்பார்கள்.

பதில்: மூன்றாம் தளம்

நான் இத்தகைய ஒரு குடியிருப்பில் வீடு வாங்கி வசிப்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்டவர் வருத்தப்படக் கூடாது: நீங்கள் குடியிருக்கும் தெரு எந்த மதிப்பீட்டுக்கு உட்பட்டது? ஏரிக்குக் கீழ்ப்புறம் என்றாலே அது ஏரிநீர் பாய்ந்த பழைய ஆயக்கட்டு வயல். ஒரு காலத்தில் மனை மனையாகப் பிரித்து விற்றபோது, ஒவ்வொருவரும் இரண்டு டிப்பர் மண் அடித்து, பக்கத்து வீட்டைவிட ஒரு அடி உயர்த்தித்தான் கட்டியிருப்பீர்கள். அதைக் கூட்டிப் பார்த்தால் 58,000 கனமீட்டரைவிட அதிகமாகவே வரும். யாரும் நானூறு பக்கம் எழுதவில்லை.

பெரிய திட்டம் என்பதால்தான் சுத்திகரிப்பு நிலையம், மழைநீர்த் தொட்டி, குப்பையைத் தரம்பிரிக்கும் இடம் என்று குறைந்தபட்சம் நிபந்தனைகளாவது விதிக்கப்படுகின்றன. எங்கள் வளாகத்துக்கு எதிரிலேயே ஒரே உரிமையாளரின் இரண்டு கட்டடங்கள் தனித்தனி விண்ணப்பங்களில் வந்தன. ஒன்று 19,800 சதுர மீட்டர், மற்றது 19,600. இரண்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு இருந்தது. குடியேற்றம் முடிந்த மறுமாதம் அந்தத் தகரத்தை எடுத்துவிட்டார்கள். 20,000 என்ற கோட்டுக்குக் கீழே நடப்பதைப் பற்றி எந்த நலச்சங்கமும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. மத்திய அரசின் 2025 ஜனவரி அறிவிக்கையில் பள்ளி, கல்லூரி, விடுதி, தொழிற்கூடக் கட்டடங்களுக்கு இருந்த விலக்கை அவ்வாண்டு ஆகஸ்ட் 5 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் ஏறத்தாழ இதே காரணத்துக்காகத்தான்: கட்டடம் எதற்குப் பயன்படுகிறது என்பதை வைத்துச் சூழலின் மீதான சுமை மாறிவிடாது.

பதில்: நீர்க்கணக்கு

மூன்றாம் தளம் சொல்வதை மறுக்க மாட்டேன். சிறு கட்டடங்களின் கூட்டுச்சுமையை அளக்க இந்த முறையில் வழி இல்லை. ஆனால் அதுவே இந்த 12 ஏக்கரைக் கவனமாகப் பார்க்க வேண்டியதற்கும் காரணம். ஏற்கெனவே எல்லோரும் மண் அடித்து உயர்த்திவிட்ட பகுதியில் தண்ணீருக்கு எஞ்சியிருந்த தாழ்ந்த நிலம் இது ஒன்றாகவே இருக்கக்கூடும்.

விட்டுப்போன ஒன்று: இரண்டு அடித்தளங்கள் தோண்டுவதானால் நிலத்தடி நீரை மாதக்கணக்கில் இரவும் பகலும் இறைத்து வெளியேற்றுவார்கள். அந்த நாட்களில் உங்கள் கிணறுகள் வற்றலாம், தெருக் கால்வாய் சித்திரையிலும் நிரம்பி ஓடலாம். அறிக்கையில் இதற்குத் தனிப்பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். இப்போதே பத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். பின்னால் அளந்தால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

பதில்: அமர்வு

வழக்கறிஞர் என்ற முறையில் நடைமுறை குறித்துச் சில வார்த்தைகள். கருத்துக் கேட்பு இல்லை என்பதால் ஆட்சேபம் தெரிவிக்கக் கூடாது என்று பொருள் இல்லை. மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கும் அதன் நிபுணர் மதிப்பீட்டுக் குழுவுக்கும், விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, பக்க எண்ணோடு குறைகளைச் சுட்டி மனு அனுப்பலாம். அதற்குப் பதில் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. எனினும் பின்னால் வழக்கு என்று வந்தால், இந்தத் தகவல் குழுவின் முன் இருந்தும் அது கருத்தில் கொள்ளப்படவில்லை என்று காட்டுவதற்கு அந்த மனுவே அடிப்படை. குழுவின் கூட்டக் குறிப்புகள் இணையத்தில் வெளியாகின்றன. உங்கள் பகுதியின் முந்தைய திட்டங்களில் அவர்கள் எழுப்பிய கேள்விகளைப் படித்துவிட்டு, அதே சொற்களில் மனுவை எழுதுங்கள்.

அனுமதி வழங்கப்பட்டால் ஏழு நாட்களுக்குள் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் வர வேண்டும், அவற்றில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்கள் அவகாசம். போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. பலர் ஆண்டு கழித்து வந்து நிற்பதால் நினைவூட்டுகிறேன். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. அனுமதிக்குப் பின் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தாக்கல் செய்யப்பட வேண்டும். அதையும் நீங்கள் கேட்டுப் படிக்கலாம்.

உங்கள் நிலம் பள்ளிக்கரணைக்கு எவ்வளவு தூரம் என்பதையும் பாருங்கள். 1,247.54 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சதுப்பு 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டர் வரையிலும், தாக்க மண்டலம் அறிவியல்முறைப்படி வரையறுக்கப்படும் வரை, புதிய கட்டுமான அனுமதி வழங்கக் கூடாது என்று 2025-இல் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. அனுமதி வருமுன்பே வேலை தொடங்கினால் உடனே படம் எடுத்து வையுங்கள். முன்னனுமதியின்றித் தொடங்கிய திட்டங்களுக்குப் பிற்பாடு அனுமதி தருவது செல்லாது என்று 2025 மே 16 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை, நவம்பர் 18 அன்று மூவர் அமர்வு இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் திரும்பப் பெற்றுவிட்டது. ஆகவே 'கட்டிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது' என்பதும், 'கட்டினாலும் இடித்துவிடுவார்கள்' என்பதும் இப்போதைக்கு நம்பக்கூடியவை அல்ல.

கேள்வி கேட்டவரின் பதில்: கரையோரவாசி

அனைவருக்கும் நன்றி. மூன்றாம் தளம் அவர்கள் சொன்னது உறுத்தியது. என் வீட்டுக்கும் இரண்டு டிப்பர் அல்ல, ஐந்து டிப்பர் மண் அடித்தோம்.

இரண்டு செய்திகளைப் பதிவு செய்கிறேன். அறிக்கையில் தரவு எடுத்த காலம் மார்ச் முதல் மே வரைதான். கிணற்று நீர்மட்டம் 4.5 மீட்டர் ஆழம் என்றிருக்கிறது. என் வீட்டுக் கிணற்றில் கார்த்திகையில் இரண்டு உறைதான் வெளியே தெரியும். புலப்படத்தில் நிலத்தின் வடக்கு ஓரமாக இரட்டைக் கோடு இருக்கிறது. பக்கத்துப் புலஎண் 'வாய்க்கால் புறம்போக்கு'. பழைய வரைபடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நால்வர் அரிவாளோடு போய் முள்ளை வெட்டி, அந்தக் கோடு சாலையைக் கடக்கும் இடத்தைக் கண்டுபிடித்தோம். அறிக்கையில் 'தற்போதுள்ள பொது வடிகால்' என்று குறிப்பிட்டிருப்பது அங்குள்ள சிறுபாலம். அதன் அடியில் ஒரே ஒரு சிமென்ட் குழாய், உள்விட்டம் 60 சென்டிமீட்டர். தண்ணீர் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் முழுக்குழாயாக ஓடினாலும் 280 லிட்டர்தான் போகும் என்று எங்கள் சங்கத்துக் கணித ஆசிரியர் அங்கேயே சுவரில் கரியால் எழுதிக் காட்டினார். நீர்க்கணக்கு ஐயா சொன்ன 500 லிட்டர் வளாகத்திலிருந்து மட்டும் வருவது. ஏரியின் உபரிநீர் இதில் சேரவில்லை. குழாயில் பாதி அளவுக்கு மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்திருக்கிறது. அளவுகோலை வைத்துப் படம் எடுத்திருக்கிறோம்; மனுவோடு அதையும் இணைக்கிறோம்.